டீ என்ற சொல்லுக்கு ஒரு வாக்கியம்

இது எனக்கு நடந்தது இல்லை. தவமலர் சொல்லிக் கேட்டது. நாங்கள் இருவரும் ஒரே நிறுவனத்தில் எதிரெதிர் நாற்காலிகளில் வேலை பார்க்கிறோம். தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் ஒரு செயலிக்கு, சொல்லுக்குச் சொல் பொருளும் உதாரண வாக்கியமும் எழுதுவதுதான் வேலை. நான் சேர்வதற்கு முந்தின வருடம், ஒரு வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் மனதில் ஓடியதைக் கம்பெனி பஸ்ஸில் பல நாள் விட்டு விட்டுச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் தொடங்கினாள், ஒரே இடத்தில் வந்து நின்றாள். அவள் சொன்ன மாதிரியே 'நான்' என்று வைத்து எழுதுகிறேன். எழுதச் சம்மதம் கேட்டேன், "பேரை மாத்தாத, மாத்தினா அது வேற யாரோ ஆயிடும்" என்றாள். அவள் சொல்லாததைச் சேர்க்கக் கூடாது என்று பார்த்திருக்கிறேன். சில இடங்களில் தவறியிருக்கலாம்.

டீ. திரையின் மேலே அந்தச் சொல் ஆங்கிலத்தில் மூன்றே எழுத்தாக நிற்கிறது. கீழே பொருளுக்கு ஒரு கட்டம், அதற்குக் கீழே வாக்கியத்துக்கு ஒரு கட்டம், இரண்டும் காலி, இரண்டாவதில் கோடு ஒன்று மினுக்கி மினுக்கி அணைகிறது, சொல்லு சொல்லு என்கிற மாதிரி. அம்மாவும் போனில் அதைத்தான் சொன்னார், சொல்லு என்று. அந்திக்குள்ள சொல்லு புள்ள, வாறதுன்னா வாறேன்னு சொல்லு, இல்லாட்டி இல்லைன்னு சொல்லு, கணக்கப்பிள்ளை இன்னைக்கே பேரு கேக்குறாரு. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன், மூட மறந்து அப்படியே வைத்துவிட்டு வந்திருக்கிறேன், தயிர்சாதம் இந்நேரம் காய்ந்திருக்கும். இந்த மாதத்தோடு அம்மாவுக்கு வேலை முடிகிறது. எஸ்டேட்டில் ஆளுக்கு வீடு இல்லை, பேருக்குத்தான் வீடு. செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் குடும்பத்தில் ஒருவர் பேராவது இருந்தால் லயத்தில் அந்த ஒற்றை அறையும் அடுப்படியும் நம்முடையது, பேர் இல்லாவிட்டால் சாமான்களைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். எங்கே இறங்குவது என்று எஸ்டேட் கேட்காது. அப்பா இல்லை, நான் ஒன்பதாவது படிக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார், சொந்த ஊர் என்று சொல்ல ஊர் இல்லை, அம்மா சின்னப் பிள்ளையாகக் கப்பலில் வந்து இறங்கியவர், இலங்கையில் ஒரு தேயிலைக் காட்டை விட்டு இங்கே இன்னொரு தேயிலைக் காட்டுக்கு. ஆகவே பேர். என் பேர், இல்லாவிட்டால் ரூபாவின் பேர். ரூபா காலேஜ் இரண்டாம் வருடம். ரூபா பேரை யாரும் எடுக்கவில்லை, அம்மாவும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை, எடுக்காமலே அது நடுவில் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு இந்த வேலை நிரந்தரம் ஆகிவிட்டால் வர முடியாது என்று சொல்லிவிடலாம், பல்லாவரத்தில் ஓர் அறை பார்த்து இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். ஆகாவிட்டால் நான் போக வேண்டும். கல்பலதா மேடம் காலையில் தெளிவாகச் சொல்லிவிட்டார், இதுதான் உன் டிரையல்ல கடைசி சொல், பார்த்துட்டு இன்னைக்கே ஹெச்.ஆருக்கு என் பதிலை அனுப்பிடுவேன், நாலு மணிக்கு மேல இழுக்காத, முடிச்சா முன்னாடியே எடுத்துட்டு வா. முன்னாடியே. ஒரு வாக்கியம். ஒரே ஒரு நல்ல வாக்கியம் எழுதிவிட்டால் அம்மாவுக்குப் போன் பண்ணிவிடலாம். அதுவும் இந்தச் சொல்லுக்கு. நாய் கொடுத்திருக்கலாம், குடை கொடுத்திருக்கலாம், நாற்காலி என்று ஒரு சொல் இருக்கிறதே, அதில் என்ன பயம் இருக்க முடியும்.

பொருளை முதலில் எழுதிவிடலாம், பொருள் சுலபம். ஒரு செடி. அதன் உலர்ந்த இலை. அந்த இலையைக் கொதிநீரில் இட்டு எடுக்கும் பானம். மாலையில் உண்ணும் சிற்றுணவு என்றும் ஒரு வழக்கு உண்டு, சில ஊர்களில் அதுவே ராத்திரிச் சாப்பாடு. எழுதிப் பார்க்கிறேன், சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எதுவோ இடறுகிறது. செடியும் டீ, இலையும் டீ, தூளும் டீ, கோப்பையில் ஆவி பறப்பதும் டீ, அதைக் குடிக்கிற நேரமும் டீ. எங்களுக்கு அப்படி இல்லை. செடியில் இருக்கும்வரை தேயிலை. நுனியைக் கிள்ளிக் கையில் எடுத்தால் கொழுந்து. சாக்கில் கட்டி எடை போட்டு லாரி ஏறி ஸ்டோருக்கு, ஃபாக்டரியை அப்படித்தான் சொல்வோம், போனால் பச்சை. அரைபட்டு வறுபட்டு வெளியே வந்தால் தூள். அம்மா அடுப்பில் வைத்தால் தேத்தண்ணி. டீ என்பது பஜாரில் கடைக்காரர் ஆற்றிக் கொடுப்பது, காசு கொடுத்தால் வருவது, அது வேறு. கை மாறும் இடத்தில் எல்லாம் எங்களுக்குப் பேர் மாறுகிறது, எந்தக் கை என்று பேரே சொல்லிவிடும். இவர்களுக்கு மலையிலிருந்து கோப்பை வரைக்கும் ஒரே சொல், நடுவில் ஆளே இல்லாத மாதிரி, இலை தானாகவே செடியிலிருந்து எழும்பிப் பறந்து கோப்பையில் வந்து விழுந்த மாதிரி. இதைப் பொருள் கட்டத்தில் எழுத முடியாது. எழுதினால் மேடம் சிவப்பு அடித்து, கட்டுரை வேண்டாம் தவமலர் என்பார். அவர் சொல்வதும் சரி. பத்து வயதுப் பிள்ளை பஸ்ஸில் உட்கார்ந்து போனைத் தட்டுகிறது, அதற்கு எதற்கு என் கொழுந்தும் பச்சையும். பிள்ளைக்கு வேண்டியது ஒரு வாக்கியம்.

வாக்கியத்தில்தான் நான் விழுகிறேன். இந்த ஆறு மாதமும் வாக்கியத்தில்தான் விழுந்தேன். கம்பளிக்கு எழுதியது திரும்பி வந்தது: நான்கு பேருக்கு எங்களிடம் ஒரு கம்பளி இருந்தது. பக்கத்தில் மேடம் எழுதியிருந்தார், சோகமாக இருக்கிறது. குடைக்கு எழுதியது திரும்பி வந்தது: இரண்டு கையும் வேலை செய்யும்போது குடை உதவாது. பக்கத்தில், இயல்பாக இல்லை. காத்திருப்பதற்கு எழுதியது: பிரசவ வலியோடு என் சித்தி லாரிக்குக் காத்திருந்தார். பக்கத்தில் எதுவும் எழுதவில்லை, கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் இன்னும் கஷ்டம். இங்க பாரு மா, உதாரண வாக்கியத்துல வர்ற ஆளுக்குக் கஷ்டமே கிடையாது, அவங்க வீட்ல எல்லாரும் நல்லா இருப்பாங்க, அவங்க பஸ் நேரத்துக்கு வரும், நாய் கடிக்காது, சரியா? பிள்ளை சொல்லைப் பார்க்கணும், உன் ஆளைப் பார்த்துட்டு நிக்கக் கூடாது. சரி மேடம் என்றேன். சரிதான். ஆனால் எழுத உட்கார்ந்தால் கை வேறு எங்கோ போகிறது. நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதும்போது யாரோ பின்னால் நின்று பார்க்கிற மாதிரி இருக்கிறது. டெரன்ஸுக்கு இந்தத் தொல்லையே இல்லை. பக்கத்து நாற்காலியில் சுற்றிக்கொண்டே ஒரு மணி நேரத்தில் முப்பது சொல் முடிப்பான், அவன் வாக்கியங்களில் எல்லோரும் கடற்கரைக்குப் போகிறார்கள், எல்லோருக்கும் பிறந்தநாள் வருகிறது. இப்போதுகூட எட்டிப் பார்க்கிறான். "என்னம்மா மலரு, இன்னும் டீயிலேயே மிதக்குற? ஆறிடப் போவுது." நான் திரும்பவில்லை. "நான் வேணா சொல்லட்டா? ரவி டீ குடிக்கிறான். முடிஞ்சுது. ரவி பாவம், ஆறு மாசமா உனக்காகத் தாகத்தோட நிக்குறான்." "போடா." "இல்ல, நிஜமா சொல்றேன். அவன் யாருன்னு யோசிக்காத. அவனுக்கு அம்மா அப்பா கிடையாது. குடிச்சிட்டு டம்ளரை வெச்சிட்டுப் போயிடுவான்." சிரித்துவிட்டேன். சிரித்ததும் ஞாபகம் வந்தது, அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லையே என்று. மணி இரண்டு தாண்டிவிட்டது.

ரவி டீ குடிக்கிறான். தப்பில்லை. ஆனால் மேடம் கடைசிச் சொல் என்று இதைக் கொடுத்ததே நான் எஸ்டேட்காரி என்று தெரிந்துதான், உனக்கு இது ஈசியா வரும்னு குடுத்தேன் என்றார், ஆக ரவியைக் கொண்டுபோய் நீட்டினால் இதற்கு நீ எதற்கு என்று தோன்றாதா. உயிருள்ளதாக இருக்க வேண்டும், சோகமாக இருக்கக் கூடாது. எங்கள் டீயில் அப்படி எது இருக்கிறது. பத்து மணிக்குக் காட்டுக்குள் வாளியில் வரும் தேத்தண்ணி. அம்மா வரிசையிலிருந்து விலகி, முதுகுச் சாக்கை இறக்காமலே, நின்றபடி வாங்கிக் குடிப்பார். உட்கார்ந்தால் இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்க்க வேண்டும், அட்டை ஏறும், பிறகு எழுந்திருக்க மனசு வராது. லீவு நாளில் நான் துணைக்குப் போனால் எனக்கும் அரை டம்ளர். அதில் பால் கிடையாது, சர்க்கரை கிடைத்தால் உண்டு, புகை வாசனையும் வாளியின் தகர வாசனையும் நிச்சயம் உண்டு. சூடாக இருக்கும், அதுதான் அதில் உள்ள ஒரே நல்லது, மழையில் விறைத்த விரலை டம்ளரைச் சுற்றி வைத்துக்கொள்ளலாம். அம்மா விரல்கள். நுனியில் கறுப்பு ஏறி எந்தச் சோப்புக்கும் போகாத விரல்கள். காலேஜ் ஹாஸ்டலில் என்னைக் கொண்டுவந்து விட்ட அன்று அறைத்தோழி பிரதீபா அதைப் பார்த்துவிட்டு, ஆன்ட்டி மருதாணியா, நல்லா புடிச்சிருக்கு என்றாள். அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. அம்மாவும் ஆமாம் புள்ள என்றார், விரலை மடக்கிக்கொண்டு. நான் கட்டில் கம்பியையே பார்த்தேன். அம்மாவால் மட்டும் எப்படி அவ்வளவு லேசாக ஆமாம் என்று சொல்ல முடிந்தது. நான் சொல்லியிருந்தால் விளக்கியிருப்பேன், இது கறை, கொழுந்துக் கறை என்று, அந்தப் பெண் முகம் கறுத்திருக்கும். அம்மா ஒரு சொல்லில் அந்த அறையை நல்லபடியாக விட்டுவிட்டு மலை ஏறிவிட்டார். அதுவும் ஓர் உதாரண வாக்கியம்தானோ. அம்மாவுக்கு வருகிறது, எனக்கு வரவில்லை.

இல்லாவிட்டால் ஸ்டோரைப் பற்றி எழுதலாம். எட்டாவதில் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போனார்கள், எங்கள் எஸ்டேட் ஸ்டோரையே எங்களுக்குச் சுற்றிக் காட்டினார்கள். கடைசியில் ஒரு நீளமான அறை, வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக, ஒரு கண்ணாடிக்காரர் கரண்டியால் எடுத்து உறிஞ்சுவார், சீட்டியடிக்கிற மாதிரி பெரிய சத்தம் வரும், வாய்க்குள் சுற்றிவிட்டு ஓர் உயரமான பாத்திரத்தில் துப்பிவிடுவார். அடுத்த கிண்ணம், மறுபடி உறிஞ்சல், மறுபடி துப்பல். ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. ருசி பார்ப்பவர் என்று டீச்சர் சொன்னார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடித்துக் காட்டினேன், அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சிரித்து இருமி, "நாம முழுங்குறோம், அவுங்க துப்புறாங்க, சம்பளம் துப்புறவுங்களுக்குத்தான் கூட" என்றார். அன்றைக்கு அது ஜோக். ரூபா சின்னப் பிள்ளை, தண்ணியை உறிஞ்சி உறிஞ்சி வாசல் முழுக்கத் துப்பி அடி வாங்கினாள். இப்போது நினைத்தால் வேறு மாதிரி இருக்கிறது. அந்தக் கிண்ணத்தில் இருந்த தூள் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. மாசம் ஒரு பொட்டலம் எஸ்டேட்டில் கொடுப்பது கடைசிச் சல்லடைக்கும் கீழே தங்கியது, டஸ்ட், மாவு மாதிரி, நிறம் மட்டும் நன்றாக இறங்கும். அம்மா எத்தனை வருடமாகப் பறித்த கொழுந்து எந்த ஊரில் யார் வாய்க்குப் போயிற்றோ, அம்மா வாய்க்குப் போகவில்லை. கை ஓடுகிறது, தட்டச்சு செய்துவிட்டேன், ஆங்கிலத்தில் நல்ல வாக்கியமாகத்தான் வந்திருக்கிறது: தான் பறித்த டீயை என் அம்மா ஒருநாளும் குடித்ததில்லை. பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இலையும் பானமும் ஒரே சொல்லாக இருப்பதால்தான் இந்த வாக்கியம் இவ்வளவு சின்னதாக வந்தது. தமிழில் எழுதினால் நீளும். இது உண்மை. உதாரண வாக்கிய வீட்டில் இந்த அம்மாவை உள்ளே விட மாட்டார்கள்.

அழிக்க வேண்டும். ஒவ்வொரு எழுத்தாக அழிக்கலாம், மொத்தமாகவும் அழிக்கலாம். அழிக்காமல் கொடுத்தால் என்ன ஆகும், மேடம் பார்ப்பார், தலையை லேசாகச் சாய்ப்பார், நல்ல பொண்ணு ஆனா இந்த வேலைக்கு ஒத்துவராது என்று எழுதுவார், மாதக் கடைசியில் மலை ஏறுவேன். என் பேர் செக்ரோலில் ஏறும். காலையில் பெரட்டுக் களத்தில் நிற்பேன், பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், நம்பர். எம்.ஏ. படிச்ச நம்பரா என்று கணக்கப்பிள்ளை ஒருநாள் சிரிப்பார், இரண்டாம் நாள் அதுவும் பழகிவிடும். கொழுந்து எடுப்பது கேவலம் என்று நினைக்கிறேனா. இல்லை. அம்மாவைக் கேவலம் என்று நினைப்பேனா. ஆனால் போக மனசில்லை. போக மனசில்லாததை எந்தப் பக்கம் திருப்பிச் சொன்னாலும் அம்மாவைச் சொன்ன மாதிரியே இருக்கிறது. என் பேரை எழுதிக்கோங்க என்று இந்த நிமிஷமே போனில் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும், வாக்கியமும் வேண்டாம், மேடமும் வேண்டாம். போனை எடுத்தேன். வைத்தேன். என் விரல்நுனி வெள்ளையாக இருக்கிறது. இதற்காகத்தானே அம்மா இரண்டு ஷிஃப்டு ஆள் மாதிரி ஞாயிற்றுக்கிழமையும் போனார் என்று ஒரு பக்கம், இதற்காகப் போனவரைத் தெருவில் இறக்கப் போகிறாய் என்று ஒரு பக்கம். ஏசிக் காற்று நேராகப் பிடரியில் அடிக்கிறது. மலைக் குளிரில் கம்பளி இருந்தது, ஒன்றே ஒன்று ஆனாலும் இருந்தது, இங்கே இந்தக் குளிருக்குப் போர்த்த ஒன்றும் கொண்டுவரவில்லை, சென்னையில் குளிருமா என்று இருந்துவிட்டேன். மூன்று மணி ஆகிவிட்டதா. எப்படி ஆயிற்று. பேன்ட்ரியில் மெஷின் இரைகிறது, அதில் நான்கு பட்டன், ஒன்றில் டீ என்று போட்டிருக்கும், அமுக்கினால் இனிப்பாக, பாலும் சாயமும் கலந்த வெந்நீர் போல ஒன்று வரும், ஆறு மாதமாகத் தினம் குடிக்கிறேன், வீட்டில் சொன்னதில்லை, பால் ஊற்றித் தினம் இரண்டு தடவை குடிக்கிறேன் என்று.

ஒரு வாக்கியம் ரொம்ப நேரமாக ஓரமாக நிற்கிறது. எனக்குத் தெரியும் அது நிற்பது. டெரன்ஸ் எட்டிப் பார்த்துப் பேசியபோதே வந்துவிட்டது, நான்தான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தேன். தினமும் மாலையில் என் அம்மா எங்களோடு உட்கார்ந்து டீ குடிப்பார். அவ்வளவுதான். சோகம் இல்லை. ஆள் இருக்கிறார், நேரம் இருக்கிறது, பிள்ளைக்குப் புரியும். ஒவ்வொரு சொல்லும் பொய். மாலையில் அம்மா வீட்டில் இருந்ததில்லை, எடைக்கு நிற்பார். எங்களோடு உட்கார்ந்ததில்லை, எங்களுக்கு ஊற்றிவிட்டு அடுப்படி நிலையில் சாய்ந்து நிற்பார். குடித்தது டீ இல்லை. தினமும் என்பதுதான் உள்ளதிலேயே பெரிய பொய். இந்த அம்மாவை நான் எங்கே பார்த்தேன், டெரன்ஸின் வாக்கியங்களிலிருந்து தப்பி வந்தவர் போல வெள்ளைச் சேலையோ என்னவோ கட்டிக்கொண்டு, முற்றத்தில், கையில் கோப்பையோடு. விரல் சுத்தமாக. இவரை எழுதினால் அவரை அழித்த மாதிரி. ஆனால் அவர் வீட்டைக் காப்பாற்ற இவர்தான் வேண்டியிருக்கிறது. எழுதாமல் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன். ஓர் எழுத்துப்பிழை இருக்குமோ என்று பொருள் கட்டத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன், பாத்ரூம் போய் வந்தேன், குழாயடியில் விரலை நனைத்துக்கொண்டு நின்றேன், திரும்பி வந்து மறுபடி படித்தேன். நான்கு மணிக்குச் சற்று முன்னால், தான் பறித்த டீயை ஒருநாளும் குடிக்காத அம்மாவை மொத்தமாக அழித்துவிட்டு, உட்கார்ந்து குடிக்கிற அம்மாவை எழுதினேன். எழுத ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

மேடம் அறையில் கண்ணாடியை இறக்கிக்கொண்டு படித்தார். ஒரு தடவை வாய்க்குள், ஒரு தடவை சத்தமாக. "பாரு. இதைத்தானே ஆறு மாசமா கேட்டேன்." எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, அவர் மேசையில் இருந்த சின்னச் செடியைப் பார்த்தேன், பிளாஸ்டிக். "வாழ்க்கையிலேர்ந்து எடுத்த மாதிரி இருக்குல்ல? உங்க அம்மாதானே?" ஆமா மேடம் என்றேன். லேசாகத்தான் வந்தது. "எஸ்டேட் சைடுல அப்படித்தான், ஃபேமிலியா உக்காந்து குடிப்பாங்க, நாங்க ஊட்டி போனப்ப பார்த்திருக்கோம். நல்லா இருக்கு மா. ஹெச்.ஆருக்குப் போட்டுடறேன், திங்கக்கிழமை லெட்டர் வந்துடும். அம்மாகிட்ட சொல்லு, சந்தோஷப்படுவாங்க." தேங்க்யூ மேடம். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். டெரன்ஸ் கட்டைவிரலைத் தூக்கி என்ன என்று கேட்டான், தலையாட்டினேன், "ரவி பொழச்சான்டா" என்று மேசையைத் தட்டினான். நான் நிற்கவில்லை, மாடிப்படிக்கு ஓடினேன், அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.

அம்மா எடுத்ததும் மூச்சு விடாமல் சொன்னேன், "அம்மா, வேலை ஆயிடுச்சும்மா, நிரந்தரம், கணக்கப்பிள்ளைகிட்ட வரலைன்னு சொல்லிருங்க, ரெண்டு பேரும் இங்க வந்திருங்க."  "அப்புடியா, நல்லதும்மா, நல்லதும்மா" என்றார். பிறகு, "நீ போன் போடுவ போடுவன்னு பாத்தேன் புள்ள. மூணு மணிக்கெல்லாம் கணக்கப்பிள்ளை இப்பச் சொல்லுன்னு நின்னுட்டாரு. சின்னவ பேரைக் குடுத்துட்டேன்." படிக்கட்டில் யாரோ ஏறி வந்தார்கள், வழி விட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். "திருப்பி வாங்கிருங்கம்மா." "எழுதினதை எப்புடி திருப்புறது. வீடு நம்மகிட்டயே இருக்கும்ல. நீ எதுக்கு அழுவுற, நல்ல நாளும் அதுவுமா." ரூபாகிட்ட குடுங்க என்றேன். ரூபா சிரித்துக்கொண்டே பேசினாள். "அக்கா, வாழ்த்துக்கள்க்கா. நான் விலங்கியல்தான படிச்சேன், அட்டை கடிச்சா அதுக்கு லத்தீன் பேரு சொல்லித் திட்டுவேன்." அந்த வாக்கியம் எனக்கு இரண்டு மணிக்கே தெரியும். மூன்று மணிக்கு முன்னால் எழுதிக் கொடுத்திருக்கலாம். பொய் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம், யாருக்கு நான் யோக்கியம் காட்டினேன், அந்தக் கட்டத்துக்கா, கடைசியில் அதையேதான் எழுதினேன், ஒரு சொல் மாறவில்லை, எழுதியதும் பொய், தாமதமும் ஆயிற்று.

எப்போது சொன்னாலும் தவமலர் இந்த இடத்தில் வந்துதான் நிறுத்துவாள். பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். இதை எழுதத் தொடங்கிய பிறகு, எஸ்டேட் சொற்களில் எனக்குச் சில சந்தேகங்கள் வந்தன. தவமலரிடம் நம்பர் வாங்கி ரூபாவிடம் பேசினேன். பெரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம் என்று அவள்தான் விளக்கினாள். பேச்சோடு பேச்சாக, அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எங்கே இருந்தாய் என்று கேட்டேன். காட்டில்தான், அம்மாவுக்குப் பக்கத்து வரிசையில் என்றாள். "அப்பவேவா?" "அந்த வாரம் திங்கக்கிழமையே பேரு குடுத்து இறங்கிட்டேங்க. மொத நாளே நல்ல மழை. அக்காகிட்ட சொல்ல வேணாம்னு அம்மா சொல்லிருச்சு. அது வாயாலயே வரலைன்னு சொல்லட்டும்னுதான் அன்னைக்கு போன் போட்டுச்சு." கணக்கப்பிள்ளை அன்று யாரையும் கேட்டு வரவில்லை என்றும் சொன்னாள். நான் வேறு ஒருவரிடமும் விசாரித்துப் பார்த்தேன். அதே எஸ்டேட்டில் இருந்து ஓய்வு பெற்ற ஓட்டுநர் ஒருவர், தவமலர் குடும்பத்துக்குத் தெரிந்தவர். அவர் சொன்னதும் அதுதான்: ரூபா வேலைக்கு இறங்கியது, அம்மா சென்னைக்குப் போன் போட்டு அந்திக்குள் பதில் சொல்லச் சொன்னதற்கு நான்கு நாள் முன்னால்.